வண்டி பத்திரம்! - 14: பார் எண்ட் மிரர் மாட்டப் போறீங்களா... அழகைப் பார்த்தீங்க, ஆக்ஸிலரேட்டரைப் பார்த்தீங்களா?

புது பைக் வீட்டுக்கு வந்ததும் நம்ம ஊர் இளைஞர்கள் முதலில் கழற்றுவது எதை? சேலை கார்டையும் ரியர் வியூ மிரரையும்தான். "அண்ணே, இந்த ரெண்டு கண்ணாடியையும் எடுத்துடுங்க, மாட்டுக் கொம்பு மாதிரி இருக்கு" என்பார் வண்டிக்காரர். "பின்னாடி வர்றது தெரிய வேணாமா தம்பி?" என்பார் மெக்கானிக். "அதுக்குத்தான் பார் எண்ட் மிரர் வாங்கிட்டு வந்திருக்கேன்ணே!"

தமிழ்நாட்டில் எந்த மெக்கானிக் ஷாப்பிலும் இந்த உரையாடலைக் கேட்கலாம். கண்ணாடியே இல்லாமல் ஓட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால், பார் எண்ட் மிரரை அழகுப் பொருளாக நினைத்து வாங்கி, பத்தே நிமிடத்தில் மாட்டிக்கொண்டு கிளம்புவதில்தான் சிக்கல். அது மாட்டப்படும் இடம் ஆக்ஸிலரேட்டருக்கு ஒட்டினாற்போல இருக்கிறது. அதில் பார்த்துவிட்டுத்தான் பஸ்ஸுக்கும் லாரிக்கும் முன்னால் நீங்கள் திரும்பப் போகிறீர்கள். எனவே வாங்குவது, மாட்டுவது, பழகுவது மூன்றிலுமே கவனம் தேவை.

பார் எண்ட் மிரர் என்றால் என்ன?

பைக்கோடு வரும் சாதாரண மிரர், பிரேக் லீவர், கிளட்ச் லீவர் பக்கத்தில் ஒரு கம்பியில் நிற்கும். பார் எண்ட் மிரர், ஹேண்டில்பாரின் இரண்டு நுனிகளிலும் உட்காரும். 1950, 60-களில் இங்கிலாந்தில் 'கஃபே ரேஸர்' பைக்குகள் பிரபலமாக இருந்தன. குனிந்து ஓட்டுவதற்கேற்ற தாழ்வான ஹேண்டில்பார் கொண்ட வண்டிகள் அவை. பார் எண்ட் மிரர் இன்று பெரும்பாலும் அந்த ஸ்டைலோடு சேர்த்துப் பேசப்படுகிறது.

இது வெறும் ஸ்டைல் மட்டும் அல்ல. இந்தியாவில் 2023-ல் அறிமுகமான டிரையம்ப் ஸ்பீடு 400 பைக், கம்பெனியிலிருந்தே பார் எண்ட் மிரரோடுதான் வருகிறது. ராயல் என்ஃபீல்டும் தன் சில மாடல்களுக்கு இதை ஆக்சஸரியாக விற்கிறது.

இதில் நிஜமான ஒரு லாபமும் உண்டு. சாதாரண மிரரில் பாதி இடத்தை உங்கள் தோளும் முழங்கையும் அடைத்துக்கொள்ளும். பின்னால் பார்க்க கையைக் கொஞ்சம் ஒடுக்க வேண்டியிருக்கும். பார் எண்ட் மிரர் உடம்பைத் தாண்டி வெளியே நிற்பதால், முழங்கை மறைக்காமல் சாலை தெரியும். தோளில் பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

கடைக்குப் போகும்போது ஒரு ஸ்கேல் எடுத்துப் போங்கள்!

சென்னை ஜி.பி. ரோடாக இருந்தாலும், உங்கள் ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையாக இருந்தாலும், சில நூறு ரூபாயில் தொடங்கி பல ஆயிரம் ரூபாய் வரை பார் எண்ட் மிரர்கள் தொங்கும். விலையையும் வடிவத்தையும் பார்ப்பதற்கு முன்னால் அளவைப் பாருங்கள்.

ஐ.நா-வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம், இருசக்கர வாகன மிரர்களுக்கென்றே 81-வது ஒழுங்குமுறையை வைத்திருக்கிறது. அதன்படி வட்டமான மிரரின் குறுக்களவு 94 மில்லி மீட்டருக்குக் குறையக் கூடாது. பரப்பளவு 69 சதுர சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. கடைகளில் கிடைக்கும் 3 இன்ச் வட்ட மிரரின் குறுக்களவு 76 மில்லி மீட்டர்தான். பரப்பளவு சுமார் 45 சதுர சென்டிமீட்டர். அதாவது, அந்தக் குறைந்தபட்ச அளவிலேயே மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விடுகிறது. பார்க்க அடக்கமாக இருக்கும். பின்னால் வரும் லாரியும் அதில் அடக்கமாகத்தான் தெரியும். ஆகவே, 9.5 சென்டிமீட்டருக்குக் குறைந்த வட்ட மிரர் வேண்டாம்.

அடுத்தது கண்ணாடியின் தன்மை. லேசாக வெளிப்பக்கம் புடைத்திருப்பது குவி ஆடி. இதில் அதிக இடம் தெரியும். ஆனால் வாகனங்கள் சிறியதாகவும், இருப்பதைவிடத் தூரத்தில் இருப்பதாகவும் தெரியும். சமதளக் கண்ணாடியில் தூரம் சரியாகத் தெரியும். ஆனால் தெரியும் இடம் குறைவு. பைக்குக்குக் குவி ஆடியே வசதி. உங்கள் பழைய மிரரைவிடப் புதியதில் புடைப்பு கூடவா, குறைவா என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுங்கள். புடைப்பு கூடக்கூட, பின்னால் வரும் வண்டி இன்னும் தூரத்தில் இருப்பதாக ஏமாற்றும்.

நீலச் சாயம் பூசிய கண்ணாடி பகலில் பளிச்சென்று இருக்கும். மாலை மங்கியதும், லைட் போடாமல் வரும் சைக்கிளோ, டி.வி.எஸ் 50-யோ அதில் தெரிவது கஷ்டம். கடைக்கு வெளியே நிழலான இடத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

உங்கள் ஹேண்டில்பாருக்குப் பொருந்துமா?

நம்ம ஊர் பைக்குகள் பலவற்றில் ஹேண்டில்பாரின் வெளிப்பக்கக் குறுக்களவு 22 மில்லி மீட்டர். வெளிப்பக்கம் எல்லாம் ஒன்றுபோல இருந்தாலும், குழாயின் உள்பக்க ஓட்டை வண்டிக்கு வண்டி மாறும். பார் எண்ட் மிரரில் ஒரு வகை, குழாய்க்குள் செருகி போல்ட்டை இறுக்கும்போது உள்ளே ரப்பர் விரிந்து பிடித்துக்கொள்ளும். இன்னொரு வகை, குழாயின் மேல் வளையம்போலக் கவ்விப் பிடிக்கும். உங்கள் வண்டிக்கு எது பொருந்தும் என்பதை, நுனியைக் கழற்றி உள் அளவைப் பார்த்த பிறகுதான் சொல்ல முடியும்.

பல பைக்குகளின் ஹேண்டில்பார் நுனியில் இரும்புக் குண்டு ஒன்று இருக்கும். அழகுக்காக வைத்தது என்று நினைத்துவிடாதீர்கள். இன்ஜின் அதிர்வு உள்ளங்கைக்கு ஏறாமல் தடுப்பது அந்த எடைதான். அதை எடுத்துவிட்டு லேசான அலுமினிய மிரரை மாட்டினால் இரண்டு தொல்லைகள் வரும். ஒன்று, நீண்ட தூரம் ஓட்டினால் கை மரத்துப்போகும். இரண்டு, மிரரே நடுங்கும். வேகம் எடுத்ததும் பின்னால் வருவது காரா, லாரியா என்று தெரியாத அளவுக்கு உருவம் கலங்கும். எனவே பழைய எடையைக் கழற்றாமலேயே மாட்டும் வகை கிடைக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால், அடிப்பாகம் கனமாக இருக்கும் மிரரை வாங்குங்கள்.

ஹேண்டில்பாரில் கைக்கவசம் எனப்படும் நக்கிள் கார்டு மாட்டியிருந்தால், அதுவும் பெரும்பாலும் இதே நுனியில்தான் போல்ட் ஆகியிருக்கும். அப்போது இரண்டில் ஒன்றுக்குத்தான் இடம்.

மாட்டும்போது உயிர் இருக்கும் இடம்... வலது பக்கம்!

இடது பக்க கிரிப், ஹேண்டில்பாரோடு ஒட்டி அசையாமல் இருக்கும். வலது பக்கம் அப்படி இல்லை. அங்கே கிரிப்புக்குள் ஒரு பிளாஸ்டிக் குழாய் இருக்கிறது. நீங்கள் ஆக்ஸிலரேட்டரைத் திருகும்போது சுழல்வது அந்தக் குழாய்தான். கையை விட்டதும் அது தானாகவே 'டக்' என்று பழைய நிலைக்கு வர வேண்டும்.

மிரரின் அடிப்பாகம் இந்தக் குழாயையோ, கிரிப் ரப்பரையோ உரசினால் என்ன ஆகும்? கையை விட்ட பிறகும் ஆக்ஸிலரேட்டர் பாதியிலேயே நிற்கும். சிக்னலில் பிரேக் போடுகிறீர்கள், வண்டியோ முன்னால் இழுக்கிறது. பார் எண்ட் மிரர் விஷயத்தில் நடக்கக்கூடிய மிக மோசமான தவறு இதுதான். ஆனால், கண்டுபிடிப்பது மிக எளிது.

மிரருக்கும் கிரிப்புக்கும் நடுவில் 1 முதல் 2 மில்லி மீட்டர் இடைவெளி விடச் சொல்லுங்கள். இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு, ஹேண்டில்பார் நேராக இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை முழுக்கத் திருகி விடுங்கள். பிறகு ஹேண்டிலை இடது கோடிக்குத் திருப்பி ஒருமுறை, வலது கோடிக்குத் திருப்பி ஒருமுறை. மூன்று முறையும் 'டக்' சத்தம் கேட்க வேண்டும். பிறகு நியூட்ரலில் இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஹேண்டிலை இரண்டு பக்கமும் திருப்புங்கள். இன்ஜின் சத்தம் தானாக ஏறக் கூடாது. எந்த இடத்தில் தயங்கினாலும் வண்டியை எடுக்க வேண்டாம்.

சில பைக்குகளில் கிரிப்பின் நுனி மூடியபடி இருக்கும். அதை பிளேடால் வட்டமாக வெட்டித்தான் மிரரைச் செருக வேண்டும். வெட்டிய ரப்பர் பிசிறு உள்ளே தொங்கினாலும் ஆக்ஸிலரேட்டர் சிக்கும். வெட்டிய இடத்தை விரலால் தடவிப் பாருங்கள்.

ஓடும் வண்டியில் ஆக்ஸிலரேட்டர் சிக்கிக்கொண்டால் பதற வேண்டாம். உடனே கிளட்சைப் பிடியுங்கள், பிரேக் போடுங்கள், கில் ஸ்விட்சை அழுத்துங்கள். இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். எந்த மிரர் மாட்டிய வண்டிக்கும் இது பொருந்தும்.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியவை

ஹேண்டில்பார் நுனியில் இருக்கும் ஸ்க்ரூ பல வருடம் துருவேறி இறுகிப்போயிருக்கும். சாதாரண ஸ்க்ரூ டிரைவரால் முரட்டுத்தனமாகத் திருகினால் தலை மழுங்கிவிடும். இம்பாக்ட் ஸ்க்ரூ டிரைவர் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் போவது நல்லது. யமஹா பைக்குகளில் வலது பக்கப் பழைய மிரருக்கு எதிர்மரை இருக்கும். வழக்கமான திசையில் கழற்ற நினைத்தால் இன்னும் இறுகும்.

பழைய மிரரை எடுத்த இடத்தில் ஒரு ஓட்டை திறந்தபடி நிற்கும். அதை அப்படியே விட்டால் மழைத் தண்ணீர் இறங்கி மரை துருப்பிடிக்கும். நாளைக்குப் பழைய மிரரையே மாட்ட நினைத்தாலும் ஏறாது. அதற்கென்று விற்கும் மூடியையோ, அளவான போல்ட்டையோ போட்டு மூடச் சொல்லுங்கள்.

புது மிரரின் போல்ட்டில் ஒரு சொட்டு திரெட் லாக்கர் பசை விட்டால், அதிர்வில் கழன்றுவராது. கழற்ற முடிகிற மீடியம் ரகம் போதும். அலுமினிய வளையத்தை அளவுக்கு மீறி இறுக்கினால் விரிசல் விடும்.

மேலேயா, கீழேயா?

பார் எண்ட் மிரரை ஹேண்டில்பாருக்கு மேலே நிறுத்தலாம், வெளிப்பக்கம் நீட்டலாம், கீழே தொங்கவிடலாம். கீழே தொங்குவதுதான் போட்டோவுக்கு அழகு. ஆனால், அதைப் பார்க்க உங்கள் கண் சாலையை விட்டு நன்றாகக் கீழே இறங்க வேண்டும். 60 கி.மீ வேகத்தில் ஒரு நொடிக்கு பைக் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடுகிறது. கண் கீழே போய்த் திரும்ப ஒரு நொடி கூடுதலாக ஆனால், அந்த 17 மீட்டரும் நீங்கள் பார்க்காத சாலை. தினமும் டிராஃபிக்கில் ஓட்டுகிறவர்களுக்கு மேலே நிறுத்துவதே நல்லது.

எப்படி வைத்தாலும் மூன்றைப் பாருங்கள். கோடி வரை திருப்பும்போது மிரர் டேங்கில் இடிக்கக் கூடாது. உங்கள் முழங்காலில் இடிக்கக் கூடாது. பிரேக்கையும் கிளட்சையும் முழுக்கப் பிடிக்கும்போது லீவர் மிரர் கம்பியில் தட்டக் கூடாது.

இன்னொரு விஷயம், வண்டியின் அகலம். ஒவ்வொரு பக்கமும் 10 சென்டிமீட்டர் நீண்டால், மொத்தம் 20 சென்டிமீட்டர் கூடிவிடும். பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவே நேற்று வரை நுழைந்த சந்தில் இன்று நுழைய முடியாது. நுனியில் பட்டால் ஹேண்டில் சட்டென்று திரும்பி வண்டி சாயும். ரயில்வே ஸ்டேஷன் பைக் ஸ்டாண்டில் பக்கத்து வண்டிக்காரரும் இடிப்பார். மடக்கக்கூடிய மிரராக இருந்தால் நிறுத்தும்போது மடக்கிவிடலாம்.

செட் செய்வது எப்படி?

சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும் வண்டியில் மிரரை செட் செய்தால், நிமிர்த்தியதும் கோணம் மாறிவிடும். சென்டர் ஸ்டாண்ட் போடுங்கள். இல்லாவிட்டால் ஒருவரை வண்டியை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, ஓட்டும்போது உட்காருவதுபோலவே உட்காருங்கள். பின்னால் உள்ள சாலையின் அடிவானம் மிரரின் நடுவில் வர வேண்டும். உள் ஓரத்தில் உங்கள் முழங்கை துளியூண்டு தெரிந்தால் போதும்.

பிறகு, வீட்டில் ஒருவரை வண்டிக்குப் பின்னால் 10 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். அவர் வலது பக்கமாக மெதுவாக உங்களைத் தாண்டி நடந்து வரட்டும். மிரரில் எங்கே அவர் மறைகிறார், தலையைத் திருப்பாமலே கடைக்கண்ணில் மறுபடி எங்கே தெரிகிறார் என்று கவனியுங்கள். நடுவில் காணாமல் போகும் அந்த இடம்தான் 'பிளைண்ட் ஸ்பாட்'. ஒரு பைக் ஆளோடு ஒளிந்துகொள்ளும் அளவுக்கு அது பெரிதாக இருப்பதைப் பார்த்து ஆச்சர்யப்படுவீர்கள். இடது பக்கமும் இதேபோலச் செய்யுங்கள். இடதுபுறம் புகுந்து வரும் வண்டிகள் நம்ம ஊரில் குறைச்சலா என்ன?

ஒரே பைக்கை அப்பாவும் மகளும் மாறி மாறி ஓட்டும் வீடுகளில், உயரத்துக்கு ஏற்ப ஒவ்வொரு முறையும் மிரரைத் திருத்திக்கொள்ள வேண்டும். தெருவில் நிறுத்திய வண்டியின் கண்ணாடியில் யாராவது தலை வாரிவிட்டுத் திருப்பிவைத்துவிட்டும் போயிருப்பார்கள்!

பழக ஒரு வாரம்

மாட்டிய முதல் சில நாள்கள், உங்கள் கண் பழைய மிரர் இருந்த இடத்துக்கே போகும். அங்கே ஒன்றும் இருக்காது. அதனால் முதல் வாரம் ஹைவேக்குப் போகாமல், போக்குவரத்து குறைந்த தெருக்களில் ஓட்டிப் பழகுங்கள்.

மிரரை ஒருமுறை பார்த்தால் பின்னால் வண்டி வருவது தெரியும். இரண்டாவது முறை பார்த்தால்தான் அது எவ்வளவு வேகமாக வருகிறது என்று தெரியும். நீங்கள் 30 கி.மீ வேகத்தில் வலது பக்கத் தெருவுக்குத் திரும்பத் தயாராகிறீர்கள். 40 மீட்டர் பின்னால் ஒரு பஸ் 60 கி.மீ வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 நொடிக்குள் அது உங்கள் பக்கத்தில் இருக்கும். குவி ஆடியிலோ, அந்த பஸ் இன்னும் ரொம்ப தூரத்தில் இருப்பதுபோலத் தெரியும்.

எனவே திரும்பும்போது வரிசை இதுதான்: மிரர் பாருங்கள், இண்டிகேட்டர் போடுங்கள், மறுபடி மிரர் பாருங்கள், கடைசியாகத் தோள் பக்கம் தலையைத் திருப்பி ஒரு பார்வை பாருங்கள். பிறகு திரும்புங்கள். இங்கிலாந்தில் பைக் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்கள் இந்தக் கடைசிப் பார்வைக்கு 'லைஃப் சேவர்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். எவ்வளவு விலை கொடுத்து மிரர் வாங்கினாலும் இந்தப் பார்வையை விட்டுவிட முடியாது.

அபராதமும் உண்டு!

ரியர் வியூ மிரர் இல்லாமல் ஓட்டுவது விதிமீறல். மோட்டார் வாகனச் சட்டத்தின் பொதுப் பிரிவான 177-ன்படி, 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கு 500 ரூபாய் வரையும், அடுத்த முறைகளுக்கு 1,500 ரூபாய் வரையும் அபராதம் விதிக்கலாம். 'ஒரு பக்கம் மட்டும் மாட்டினால் ஸ்டைலா இருக்கும்' என்ற யோசனை வேண்டாம். இரண்டு பக்கமும் மாட்டுங்கள். வாரன்டி முடியாத வண்டி என்றால் சர்வீஸ் சென்டரில் கேட்டுவிட்டு மாட்டுங்கள். உங்கள் மாடலுக்கென்று கம்பெனியே விற்கும் பார் எண்ட் மிரர் இருந்தால் அதுவே முதல் சாய்ஸ்.

கழற்றிய பழைய மிரரையும் இரும்புக் குண்டுகளையும் ஒரு பையில் போட்டு பத்திரமாக வையுங்கள். புதியது ஒத்துவரவில்லை என்றால் ஒரு மணி நேரத்தில் திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.

மெக்கானிக் ஷாப்பை விட்டுக் கிளம்பும் முன்...

1. ஆக்ஸிலரேட்டர் மூன்று நிலைகளிலும் 'டக்' என்று திரும்புகிறதா?

2. ஹேண்டிலை கோடி வரை திருப்பினால் டேங்க், முழங்கால் எதிலும் இடிக்காமல் இருக்கிறதா?

3. இரண்டு லீவர்களையும் முழுக்கப் பிடிக்க முடிகிறதா?

4. மிரரைக் கையால் அசைத்தால் ஆடாமல் நிற்கிறதா?

5. பழைய மிரர் இருந்த ஓட்டைகள் மூடப்பட்டனவா?

6. வண்டியில் உட்கார்ந்த நிலையில் பின்னால் சாலை தெரிகிறதா, உங்கள் சட்டை தெரிகிறதா?

வாரம் ஒருமுறை போல்ட்டைச் சரிபாருங்கள். மிரரில் ஹெல்மெட்டைத் தொங்கவிடாதீர்கள். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டையும் மறுநாளே துடைத்துவிடுங்கள். சில வண்டிகளில் அடுத்த ஆயுத பூஜை வரை அது அங்கேயே இருக்கிறது!

*(அடுத்த வாரம்: செயினுக்கு எண்ணெய் எப்போது போட வேண்டும், எதைப் போடக் கூடாது?)*